முன்பின் கேட்டிராத பாட்டு நம்மைத் தேடி வருவது எப்படி?

2023-ல் உலகம் முழுக்க இசைச் செயலிகளில் நாள் ஒன்றுக்குச் சராசரியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதுப் பாடல்கள் ஏற்றப்பட்டன. இசைத்துறைக் கணக்குகளைத் திரட்டும் லுமினேட் நிறுவனம் அந்த ஆண்டின் முடிவில் வெளியிட்ட எண் இது. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. செயலிகளில் இருந்த சுமார் 18.4 கோடிப் பாடல்களில், நாலரைக் கோடிக்கும் மேற்பட்டவற்றை அந்த ஆண்டு முழுக்க ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அத்தனையும் நல்ல பாட்டு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் குவியலுக்குள் உண்மையிலேயே நல்ல பாட்டு ஒன்று இருந்தால், பாடியவர் பெயர் யாருக்கும் தெரியாமல் இருந்தால், அதை ரசிக்கக்கூடியவரிடம் அது போய்ச் சேர என்ன வழி? இன்று அந்த வேலையின் பெரும்பகுதியைக் கணினி நிரல்கள் செய்கின்றன. அவை எப்படிச் செய்கின்றன, எந்த இடத்தில் தடுமாறுகின்றன என்று தெரிந்துகொள்வது பாட்டுக் கேட்கிற எல்லோருக்கும் உதவும்.

இதற்கான முதல் வழி ஓர் எளிய கவனிப்பிலிருந்து வந்தது. உங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டில் எட்டு எனக்கும் பிடித்திருந்தால், மிச்சமுள்ள இரண்டும் எனக்குப் பிடிக்க வாய்ப்பு அதிகம். 1994-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உபேந்திர ஷர்தானந்த், பேட்டி மேஸ் இருவரும் இதை வைத்து ‘ரிங்கோ’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அது மின்னஞ்சலில் இயங்கியது. உங்களுக்குத் தெரிந்த பாடகர்களுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு அனுப்பினால், உங்கள் ரசனையோடு ஒத்துப்போகிறவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குப் பிடித்த வேறு பாடகர்களின் பெயர்களைப் பதிலாக அனுப்பும். ரிங்கோ ஒரு ஸ்வரத்தைக்கூடக் கேட்டதில்லை. யாருக்கு எது பிடித்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இன்றைய செயலிகள் பெரும்பாலும் மதிப்பெண் கேட்பதில்லை. ஒரு பாட்டை முழுதாகக் கேட்டீர்களா, பத்து நொடியில் தாண்டிப் போனீர்களா, சேமித்தீர்களா, பிளேலிஸ்ட்டில் போட்டீர்களா என்பவற்றையே மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கின்றன. கேட்பவர்களை ஒரு பக்கமும் பாடல்களை இன்னொரு பக்கமும் வைத்து அட்டவணை போட்டால், கோடிக்கணக்கான வரிசைகள் வரும். அதில் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களும் காலியாக இருக்கும், ஏனென்றால் ஒரு மனிதர் வாழ்நாளில் கேட்கக்கூடியது அந்தக் கடலில் ஒரு துளி. காலிக் கட்டங்களில் என்ன வந்திருக்கும் என்று ஊகிப்பதுதான் கணக்கு. அதற்காக நிரல் ஒவ்வொரு பாட்டுக்கும் சில பத்து அல்லது சில நூறு எண்களைக் கொடுக்கிறது. கேட்கிற ஒவ்வொருவருக்கும் அதே மாதிரி எண்களைக் கொடுக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள் ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிற மாதிரி, இந்த எண்கள் ரசனையின் வரைபடத்தில் ஒரு பாட்டு எங்கே நிற்கிறது என்று சொல்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற பாட்டு உங்களுக்குப் பரிந்துரையாகிறது. ஸ்பாட்டிஃபை 2015 ஜூலையில் தொடங்கிய ‘டிஸ்கவர் வீக்லி’ திங்கள்தோறும் கொடுக்கும் 30 பாட்டுக்கு அடிப்படை இந்த வரைபடம்தான். கூடவே, மக்கள் தாங்களாகத் தொகுக்கும் பிளேலிஸ்ட்டுகளையும் அது பார்க்கிறது. எந்தெந்தப் பாட்டு அடிக்கடி ஒரே பட்டியலில் சேர்ந்து வருகிறதோ, அவை வரைபடத்தில் நெருங்கி வருகின்றன.

புதுக் கலைஞருக்கான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நேற்று ஏற்றிய பாட்டை இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அதற்கு எண்கள் இல்லை. எண்கள் இல்லாததால் வரைபடத்தில் இடம் இல்லை. இடம் இல்லாததால் யாருக்கும் அது காட்டப்படாது. காட்டப்படாததால் யாரும் கேட்கமாட்டார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதைக் ‘கோல்ட் ஸ்டார்ட்’ (cold start, குளிர்ந்த தொடக்கம்) என்பார்கள். மேலே சொன்ன நாலரைக் கோடியில் கணிசமான பாடல்கள் இந்தச் சுழலுக்குள் மாட்டியவை என்றே நினைக்கிறேன்.

சுழலை உடைக்க மனிதர்களை உட்கார வைத்துக் கேட்கச் சொல்வது ஒரு வழி. 2000 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கி, பின்னர் பண்டோரா என்ற இணைய இசைச் சேவையாக வளர்ந்த திட்டம் அதைத்தான் செய்தது. இசை படித்தவர்கள் ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, குரலின் தன்மை, தாளம், கருவிகள் என்று 450 வரையிலான கூறுகளைக் குறித்து வைத்தார்கள். அருமையான வேலை. ஆனால் ஒரு பாட்டுக்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும் வேலை, நாளுக்கு ஒரு லட்சம் பாட்டு வரும் இடத்தில் ஈடுகொடுக்காது. எம்.ஐ.டி.யில் படித்த பிரையன் விட்மன், டிரிஸ்டன் ஜெஹான் இருவரும் 2005-ல் தொடங்கிய எக்கோ நெஸ்ட், இணையத்தில் ஒரு பாடகரைப் பற்றி மக்கள் என்ன சொற்களில் எழுதுகிறார்கள் என்று திரட்டியது. ஸ்பாட்டிஃபை 2014-ல் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஆனால் யாருமே இன்னும் எழுதாத பாடகருக்கு இதுவும் கை கொடுக்காது.

அப்படியானால் பாட்டையே கேட்க வேண்டியதுதான். கணினிக்குப் பாட்டு என்பது எண்களின் வரிசை. குறுந்தகட்டுத் தரத்தில் இடது, வலது ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். அவற்றை அப்படியே பார்த்தால் குரல் எது, மேளம் எது என்று பிரிக்க முடியாது. ஆகவே ஃபூரியே கணக்கின் உதவியால் ஒவ்வொரு சிறு கணத்திலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று பிரிக்கிறார்கள். நேரம் இடமிருந்து வலமாக, அதிர்வெண் கீழிருந்து மேலாக, ஒலியின் பலம் வெளிச்சமாக. இப்படி வரைந்தால் பாட்டு ஒரு படமாகிவிடும். மேளத்தின் அடி செங்குத்துக் கோடாகத் தெரியும். நீட்டிப் பிடித்த ஸ்வரம் கிடைக்கோடு. கமகம் வளைந்து நெளியும். படமாகிவிட்டால், படங்களை அடையாளம் காணப் பழகிய, நரம்பியல் வலைப்பின்னல்கள் எனப்படும் கணினி நிரல்களை இதிலும் பயன்படுத்தலாம்.

சரி, அந்த வலைப்பின்னலுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். 2013-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரன் வான் டென் ஊர்ட், சாண்டர் டீலமன், பெஞ்சமின் ஷ்ராவன் மூவரும், பலர் கேட்டதால் ஏற்கெனவே வரைபடத்தில் இடம்பிடித்த பாடல்களை எடுத்துக்கொண்டார்கள். ஒலியை மட்டும் கொடுத்து, அந்தப் பாட்டு வரைபடத்தில் எங்கே நிற்கும் என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஊகம் பிசகினால் திருத்தினார்கள். லட்சக்கணக்கான பாடல்களில் இப்படிப் பழகியபின், யாருமே கேட்டிராத பாட்டின் ஒலியைக் கொடுத்தாலும் ‘இது ஏறத்தாழ இங்கே நிற்கும்’ என்று அதனால் சொல்ல முடிந்தது. லட்சக்கணக்கானவர்களின் ரசனையையே ஆசிரியராக வைத்து ஒலியைப் படிக்கக் கற்ற இயந்திரம் அது.

டீலமன் அடுத்த ஆண்டு ஸ்பாட்டிஃபையின் நியூயார்க் அலுவலகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து இதைப் பெரிதாக்கினார். வலைப்பின்னலின் உள்ளே பார்த்தபோது, கீழ் அடுக்கில் ஒரு வடிகட்டி, அதாவது ஒலியில் ஒரு குறிப்பிட்ட கூறை மட்டும் தேடும் பகுதி, குரலின் நடுக்கத்துக்கு மட்டும் துடித்தது. இன்னொன்று பேஸ் டிரம்மின் அடிக்கு. மேலடுக்கில் சீன பாப், கிறித்தவ ராக் போன்ற வகைகளுக்கென்றே தனித்தனி வடிகட்டிகள் உருவாகியிருந்தன. இந்த வகைகளின் பெயர்களை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒலியால் எல்லாம் தெரிந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாட்டு எதைப் பற்றியது, எந்த ஊர்க்காரர் பாடியது, யாருடைய கோபம் அதில் இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் விழுவதில்லை. ஆகவே ஒலியை வைத்துச் சொல்லும் இடம் ஒரு முதல் ஊகம் மட்டுமே. அதைச் சரிபார்க்க யாராவது பாட்டைக் கேட்டே ஆக வேண்டும்.

யாரை முதலில் கேட்க வைப்பது? ஒரு பாட்டை 10,000 பேருக்குக் காட்டினோம், 3,500 பேர் தாண்டாமல் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றைப் பத்துப் பேருக்குத்தான் காட்டியிருக்கிறோம், மூன்று பேர் கேட்டார்கள். முதலாவது 35 சதவீதம், இரண்டாவது 30. எப்போதும் பெரிய எண்ணையே தேர்ந்தெடுக்கும் இயந்திரம் இரண்டாவது பாட்டை அத்துடன் மறந்துவிடும். அது தப்பு. பத்துப் பேரை வைத்து வந்த 30 சதவீதம் உறுதியான எண் அல்ல. உண்மையில் அது 10-ஆகவும் இருக்கலாம், 60-ஆகவும் இருக்கலாம். இந்தச் சிக்கலுக்கு இசையோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் 1933-லேயே விடை எழுதினார். இரண்டு சிகிச்சைகளில் எது நல்லது என்று தெரியாதபோது அடுத்த நோயாளிக்கு எதைக் கொடுப்பது என்பது வில்லியம் தாம்சனின் கேள்வி. அவர் சொன்ன முறையைப் பாட்டுக்குப் பொருத்தினால் இப்படி வரும்: ஒவ்வொரு பாட்டுக்கும் இருக்கக்கூடிய மதிப்புகளின் எல்லைக்குள் ஓர் எண்ணைக் குலுக்கிப் போட்டு எடு, எது பெரிதாக வருகிறதோ அந்தப் பாட்டைக் காட்டு. நன்றாகத் தெரிந்த பாட்டு எப்போதும் 35-ஐ ஒட்டியே வரும். தெரியாத பாட்டுக்கு எல்லை அகலம் என்பதால் அவ்வப்போது 50, 55 என்று வந்து முந்திவிடும். அப்போது அதற்கு ஒரு வாய்ப்பு. கேட்பவர்கள் கூடக் கூட அகலம் சுருங்கும். நல்ல பாட்டு நிலைக்கும், மற்றது விலகும். ஸ்பாட்டிஃபை ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதே குடும்பத்தைச் சேர்ந்த முறையை விவரிக்கிறது. அதில் 30 நொடிக்காவது கேட்டால் வெற்றி என்று கணக்கு.

முறை நியாயமானதுதான். ஆனால் முதல் பத்துப் பேர் யார் என்பதில் நிறைய இருக்கிறது. அதிகாலையில் பக்திப் பாடல் கேட்பவர்களிடம் ராப் பாட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் பத்தும் பூஜ்யம்தான். அதனால்தான் ஒலியை வைத்துச் செய்யும் முதல் ஊகம் இவ்வளவு முக்கியமாகிறது.

இதோடு மனித மனமும் சேர்ந்துகொள்கிறது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். யாருக்கும் தெரியாத இசைக் குழுக்களின் 48 பாடல்கள். இணையத்தில் வந்து கேட்டவர்கள் 14,341 பேர். ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் காட்டப்பட்டன. மற்றவர்களை எட்டுத் தனித்தனி ‘உலகங்களாக’ப் பிரித்து, தங்கள் உலகத்தில் இதற்குமுன் எத்தனை பேர் ஒவ்வொரு பாட்டையும் தரவிறக்கினார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எட்டு உலகமும் பூஜ்யத்தில் தொடங்கின. தரம் மட்டும்தான் வெற்றியைத் தீர்மானிக்கும் என்றால் எட்டிலும் ஒரே பாட்டு முதலிடம் வர வேண்டும். வரவில்லை. 52மெட்ரோ என்ற குழுவின் பாட்டு, எண் எதையும் பார்க்காதவர்களின் தேர்வில் 26-வது இடம். ஓர் உலகத்தில் அதே பாட்டு முதலிடம். இன்னொன்றில் 40-வது. மிகச் சிறந்தவை அநேகமாகத் தோற்கவில்லை, மிக மோசமானவை அநேகமாக ஜெயிக்கவில்லை. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்று இருந்தது. புதிதாக வரும் பாடல்களில் மிகப் பல இந்த நடுப்பகுதியில்தான் இருக்கின்றன. பார்வை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டைத் தாண்டுகிறவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் காதும் அறிமுகமானதைத்தான் விரும்பும். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அதன்மீது விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-ல் காட்டினார். முதல் தடவை ஒட்டாத பாட்டு நாலாவது தடவை பிடித்துப்போவது இதனால்தான். ஆனால் புதுமைக்கும் மூளையில் இடம் இருக்கிறது. 2013-ல் கனடாவின் மான்ட்ரியலில் நடந்த ஆய்வில், ஸ்கேனருக்குள் படுத்தபடி புதுப் பாட்டுகளின் 30 நொடித் துண்டுகளைக் கேட்டவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பணம் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். மூளையின் வெகுமதிப் பகுதி எவ்வளவு துடித்ததோ அவ்வளவு தொகை கூடியது. அந்தப் பகுதி தனியாகவும் இயங்கவில்லை. நாம் இதுவரை கேட்ட இசையின் நினைவைத் தாங்கும் செவிப்புலப் புறணியோடு சேர்ந்தே இயங்கியது. பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்கிற பாட்டு நம்மைப் பிடித்துக்கொள்வதற்கு இதில் ஒரு காரணம் தெரிகிறது.

தமிழுக்கு வந்தால் ஒரு தனிச் சிரமம். நம்மில் பெரும்பாலோர் கேட்பது திரைப்பாடல். ஒரே ஆட்கள் மெலடியும் குத்தும் கானாவும் கேட்பதால், ரசனை வரைபடத்தில் தமிழ் என்பதே ஒரு வகையாகத் திரண்டுவிட வாய்ப்பு அதிகம். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். ஒலியை வைத்தால் அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு நாடுகளில் இருப்பார்கள். கேட்பவர்களை வைத்தால் திரைப்பாடலுக்கு நடுவே வந்து நிற்கும். இரண்டும் பாதி உண்மை. கோலாலம்பூரிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் தமிழில் ராப் பாடுகிறவர்களுக்கும் இதே நிலை. போதாக்குறைக்கு, தமிழ்ப் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். ஒரே கலைஞரின் பெயர் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருந்தால், அவரைப் பற்றிய தடங்கள் இரண்டு பேருடையதாகப் பிரிந்துபோகும். புதிதாகப் பாட்டு ஏற்றுகிறவர்கள் முதல் பாட்டிலேயே ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து அதை விடாமல் பிடித்துக்கொள்வது நல்லது.

கேட்பவர்கள் செய்யக்கூடியதும் இந்தக் கணக்குகளிலிருந்தே தெரிகிறது. பிடித்த புதுப் பாட்டை, அதேபோன்ற உணர்வு தரும் உங்களுக்குப் பிடித்த பழைய பாடல்களோடு ஒரே பிளேலிஸ்ட்டில் போடுங்கள். அந்த ஒரு செயல் யாரும் அறியாத பாட்டை வரைபடத்தில் ஓர் இடத்தோடு இணைக்கிறது. பிடிக்கிறது என்றால் 30 நொடியைத் தாண்டிக் கேளுங்கள், ஏனென்றால் அதற்குக் குறைவாகக் கேட்டால் ஸ்பாட்டிஃபையில் கேட்டதாகவே கணக்காகாது. 2024 முதல் அங்கே இன்னொரு விதியும் உண்டு: முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. எத்தனை வெவ்வேறு ஆட்கள் கேட்டார்கள் என்பதற்கும் ஒரு கீழ்வரம்பு இருக்கிறது, அந்த எண்ணை நிறுவனம் வெளியிடுவதில்லை. 1,000 பெரிதாகத் தோன்றலாம். நூறு பேர் மாதம் ஒரு தடவை கேட்டால் ஆண்டுக்கு 1,200 வந்துவிடும்.