மூங்கில் பூக்கும்போது எலிகள் எங்கிருந்து வருகின்றன?

மூங்கில் ஒரு புல். நெல்லுக்கும் கரும்புக்கும் பங்காளி. நெல் சில மாதங்களில் பூத்து, கதிர் முற்றி, காய்ந்துவிடுகிறது. மூங்கிலில் பல வகைகளும் இதையேதான் செய்கின்றன. ஆனால் பூப்பதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்கின்றன.

மிசோரம் மலைகளை மூடி நிற்கும் மூங்கிலுக்கு மிசோ மொழியில் மௌதாக் என்று பெயர். அறிவியல் பெயர் மெலோகன்னா பாக்சிஃபெரா. வங்கதேசத்தின் சிட்டகாங் மலைகளிலும் மியான்மரின் மேற்கிலும் இதே மூங்கில்தான். ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு காடாகப் பூக்கும், காய்க்கும், அப்புறம் மொத்தமாகச் செத்துப்போகும். அந்தக் காலத்தை மிசோ மக்கள் மௌதாம் என்கிறார்கள். 'மௌ' என்றால் மூங்கில், 'தாம்' என்றால் சாவு. 1862, 1911, 1958 ஆகிய ஆண்டுகளை ஒட்டி வந்தது. கடைசியாக 2006இல் தொடங்கி 2008 வரை நீடித்தது. 2006 நமக்கும் நினைவிருக்கும், மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டு. குறிஞ்சியும் இப்படித்தான், 12 ஆண்டு காத்திருந்து, சேர்ந்து பூத்து, விதை உதிர்த்து மடிகிறது.

இந்தக் கணக்கு மழையையோ மண்ணையோ பார்த்துப் போடப்படுவதில்லை. ஜப்பானில் மடாகே என்றொரு மூங்கில் உண்டு, அதன் சுற்று 120 ஆண்டு. 1960களின் பிற்பகுதியில் அது ஜப்பானில் பூத்தபோது, இங்கிலாந்திலும் அமெரிக்காவின் அலபாமாவிலும் நட்டு வளர்த்திருந்த அதே மூங்கிலும் பூத்தது. கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது.

சரி, ஏன் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? டேனியல் ஜேன்சன் என்ற சூழலியலாளர் 1976இல் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதை போட்டால், எலியும் பறவையும் பன்றியும் அதை நம்பியே வாழப் பழகி, ஒன்றையும் மிச்சம் வைக்காது. பல பத்தாண்டு எதுவும் தராமலிருந்து ஒரே வீச்சில் கொட்டினால்? தின்பவை எவ்வளவு தின்றாலும் தீராது. மிஞ்சியது முளைத்துவிடும். கூட்டத்தோடு சேராமல் முன்னதாகவோ பின்னதாகவோ பூக்கும் மூங்கிலின் விதை முழுக்க வயிற்றுக்குள் போய்விடும். அதனால் சேர்ந்து பூப்பவற்றின் வம்சம்தான் நிலைத்தது.

நம் பக்கத்தில் முள்மூங்கில் பூத்தால் கிடைப்பது நெல்மணி போன்ற மூங்கில் அரிசி. மௌதாக்கின் பழம் அப்படியல்ல. பேரிக்காய் அளவில் சதைப்பற்றோடு இருக்கும். புல் குடும்பத்தில் இத்தனை பெரிய பழம் அபூர்வம். சில பழங்கள் உதிர்வதற்கு முன்பே, கொப்பிலேயே முளைவிட்டு நிற்கும். இவை ஒரே நாளில் உதிர்ந்து தீர்வதில்லை, மாதக்கணக்கில் விழுந்துகொண்டே இருக்கின்றன. எலிக்கு வேண்டியதும் அந்த அவகாசம்தான்.

பழத்தில் ஏதோ சத்து இருக்கிறது, அதைத் தின்றால் எலி அதிகக் குட்டி போடும் என்று வெகுநாள் நம்பிக்கை. அப்படியொரு மாயச் சத்து தேவையே இல்லை. எலியின் கர்ப்பம் மூன்று வாரம். குட்டி மூன்று மாதத்தில் தாயாகத் தயார். ஒரு பெண் எலி மூன்று மாதத்துக்கு ஒரு ஈற்றாக 8 குட்டி போடுவதாகவும், அதில் பாதி பெண் என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாம் பிழைத்தால் பெண் எலி மட்டுமே ஒன்று ஐந்தாகும், ஐந்து 25 ஆகும், ஒன்பதாம் மாதம் 125, ஆண்டு முடிவில் 625. வழக்கமான காட்டில் இது நடக்காது. பசியிலேயே பெரும்பாலானவை செத்துவிடும். மௌதாக் பழுக்கும் ஆண்டில் அந்தப் பசி இல்லை. ஆக, கூடுவது ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகள் அல்ல. குறைவது சாவு.

அப்புறம் மழை பிடிக்கிறது. கிடந்த பழங்கள் முளைத்து நாற்றாகிவிட, காட்டில் தீனி முடிகிறது. எலிக் கூட்டமோ உச்சத்தில் இருக்கிறது. மலைச்சரிவில் எரித்துப் பயிரிட்ட ஜூம் வயல்களில் நெல் முற்றுவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். எலிகள் இரவில் இறங்கும். மாலையில் கதிரோடு நின்ற வயல் காலையில் வெறும் தாளாக நிற்கும். வயல் முடிந்தால் குதிர். ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறு சில இரவுகளில் போய்விடும்.

இது வரப்போகிறது என்று 1958இல் மிசோ பெரியவர்களுக்குத் தெரியும். மாவட்டக் கவுன்சில் முன்கூட்டியே தீர்மானம் போட்டு, அன்று தங்களை ஆண்ட அசாம் அரசிடம் 15 லட்சம் ரூபாய் கேட்டது. மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். பஞ்சம் வந்தது. இந்த இடத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் ஆறாது. தலைமுறை தலைமுறையாகக் கவனித்துச் சரியாகக் கணித்த அறிவு அது. நிவாரணத்துக்காக லால்டெங்கா முன்னின்று நடத்திய மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961இல் 'பஞ்சம்' என்ற சொல்லை விட்டு மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966இல் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அமைதி உடன்பாடு கையெழுத்தாக 1986 ஆயிற்று.

2006க்கு முன் மிசோரம் தனி மாநிலமாகியிருந்தது, அரசும் மௌதாமை நம்பியது. எலிவால் ஒன்றுக்கு 2 ரூபாய் தந்தார்கள். எலி சீண்டாத இஞ்சியும் மஞ்சளும் பயிரிடச் சொன்னார்கள். அப்படியும் பல ஊர்களில் நெல் கைக்கு வரவில்லை.

அப்போது முளைத்த நாற்றுகள்தான் இன்று அந்த மலைகளில் ஓங்கி நிற்கும் மூங்கில்கள். அவை பூக்கவேண்டிய காலம் 2054ஐ ஒட்டி வரும். 2006இல் எலி தின்ற வயலைப் பத்து வயதில் பார்த்த குழந்தைக்கு அன்று 58 வயதாகியிருக்கும்.