போக ஏழரை, வர ஒன்பதரை

டெல்லியில் இரவு 8 மணிக்குப் புறப்படும் விமானம் மறுநாள் காலை 7 மணிக்கு டோக்கியோவில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் விமானம் அங்கே காலை 11.30க்குக் கிளம்பி, மாலை 5.30க்கே டெல்லிக்கு வந்துவிடுகிறது. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் போக 11 மணி நேரம், வர 6 மணி நேரம். உண்மை நேர்மாறு. ஜப்பானின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது அதைக் கழித்து, வரும்போது கூட்டிப் பார்த்தால் போக ஏழரை மணி, வர ஒன்பதரை மணி.

தூரம் என்னவோ ஒன்றுதான். பூமி உருண்டையின் மேல் இரு நகரங்களையும் தொட்டு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் ஏறக்குறைய 5,850 கிலோமீட்டர். அந்த நூல் இமயமலையைத் தாண்டி, திபெத் பீடபூமியின் மேலாகப் போகும். விமானிகள் பெரும்பாலும் அந்த வழியைத் தொடுவதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். பயணிகளின் முகமூடிகளில் வரும் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். திபெத்திலோ தரையே சராசரியாக நாலரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்க இடமேது? எனவே மலையைத் தெற்கே சுற்றிக்கொண்டு போகிறார்கள். நூலளவைவிடப் பறக்கும் தூரம் கூடுகிறது.

இரண்டு மணி நேர வித்தியாசத்துக்குக் காரணம் அதுவல்ல, காற்று. வெப்பமண்டலத்தில் மேலெழும் காற்று துருவம் நோக்கி நகரும்போது பூமியின் சுழற்சியால் கிழக்கே திரும்பி, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் ஆறுபோல் ஓடுகிறது. இதுதான் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் அது இமயத்தின் தென்புறமாக வந்து ஜப்பானுக்கு மேல் உச்ச வேகம் எடுக்கிறது. அங்கே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. 1920களிலேயே வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்துவிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று ஆய்வறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். விளைவு, அநேகமாக யாருமே படிக்கவில்லை!

போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், கணக்கு நேராகிவிடும் என்று தோன்றலாம். ஆகாது. 6,000 கிலோமீட்டர் தூரம், 900 கிலோமீட்டர் வேகம் என்று கொள்வோம். காற்றே இல்லையென்றால் போய்வர 13 மணி 20 நிமிடம். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று வீசினால் போக 5 மணி 43 நிமிடம், வர 8 மணி. ஆக மொத்தம் 23 நிமிடம் கூடுதல். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் கிடக்கிறது. உதவும் காற்றுக்குள்ளோ குறைந்த நேரமே இருக்கிறது.

கோடையில், பருவமழை தொடங்கும் சமயத்தில், இந்தக் காற்றாறு திபெத்துக்கு வடக்கே தாவி, வேகமும் தணிந்துவிடும். அப்போது அதே விமானம் டோக்கியோவிலிருந்து சற்றுச் சீக்கிரமாகவே டெல்லிக்கு வந்து சேரும்; டோக்கியோவுக்குப் போகத்தான் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.