ஹோட்டல்: படுக்கையா, பரோட்டாவா?

வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவரோடு தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் இரவு பத்து மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரே 'ஹோட்டல்' என்று டியூப்லைட் வெளிச்சத்தில் பலகை தெரிந்ததும் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் தடுப்பதற்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய், ரூம் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார். கல்லாவில் இருந்தவர் யோசிக்கவே இல்லை: "பரோட்டா இருக்கு, முட்டை தோசை இருக்கு. உள்ள வாங்க."

தப்பு யார் பேரில்? பிரெஞ்சுக்காரர்களைக் கேட்டால் இரண்டு பேருமே தப்பு என்பார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இருக்கிறதல்லவா, 2014 மழையில் இடிந்து விழுந்து பிறகு பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்களே, அதற்கு இன்னொரு பெயர் 'ஒத்தெல் தெ வில்'. நகரமன்றம் என்று பொருள். அங்கே அறையும் வாடகைக்குக் கிடைக்காது, சாப்பாடும் போடமாட்டார்கள். பிரெஞ்சில் 'ஒத்தெல்' என்றால் பெரிய மாளிகை, பொதுக் கட்டடம் என்றும் பொருள் உண்டு. பாரிஸில் 'ஒத்தெல் தியு' என்பது ஒரு பழைய மருத்துவமனை.

அது தற்செயல் இல்லை. லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்றொரு சொல். வந்த விருந்தாளிக்கும் அதுதான், வரவேற்கும் வீட்டுக்காரருக்கும் அதுதான். அதன் வழியில் வந்தவைதான் ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோஸ்ட், ஹாஸ்பிடாலிட்டி எல்லாம். பழைய பிரெஞ்சில் 'ஹோஸ்தெல்' என்று இருந்தது. நாளடைவில் நடுவிலிருந்த 'ஸ்' தேய்ந்து ஒத்தெல் ஆயிற்று. ஆங்கிலம் முதலில் ஹாஸ்டலை வாங்கிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் அதே சொல்லை ஹோட்டல் என்ற புது உருவில் இன்னொரு முறை வாங்கியது. ஆக, மாணவர் தங்கும் ஹாஸ்டலும் ஐந்து நட்சத்திர ஹோட்டலும் ஒரே சொல்தான். வாடகையில்தான் வித்தியாசம்.

ஐரோப்பாவில் பெரும்பாலும் இந்தச் சொல்லில் 'வந்தவரைத் தங்கவைப்பது' என்ற கரு இருந்தது. நம் ஊருக்கு வந்ததும் படுக்கை கழன்றுகொண்டது, இலை மட்டும் மிஞ்சியது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் ஊர்களில் காபி கிளப், கிளப்புக் கடை என்றெல்லாம் இருந்தவை பின்னாளில் ஓட்டல்கள் ஆயின. கறி சமைத்தால் மிலிட்டரி ஓட்டல். தங்குவதற்கு 'லாட்ஜ்' என்று தனிச்சொல் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்'. மோட்டலுக்கும் இதே கதிதான். மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டி 1925இல் கலிபோர்னியாவில் ஆக்கிய சொல் அது. கார் ஓட்டி வருகிறவர் வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கும் இடம். நம் புறவழிச் சாலையில் மோட்டல் என்றால் பஸ் கால் மணி நேரம் நிற்கும், சாம்பாரைக் குடித்துவிட்டு ஓடிவந்து ஏறவேண்டும்.

லாட்ஜின் பூர்வீகம் பழைய பிரெஞ்சின் 'லோஜ்', அதாவது இலைதழையால் போட்ட குடில். நம் பந்தல் மாதிரி. ஹோட்டல் வரவேற்புக் கூடத்தைச் சொல்லும் லாபியும் அதன் உறவுதான். பாவம், லாட்ஜ் என்ற சொல்லுக்கு நம்மிடம் பெயர் கெட்டுப்போய்விட்டது. அதனால் அதே கட்டடத்துக்கு வெள்ளையடித்து 'ரெசிடென்சி' என்று பலகை மாட்டுகிறார்கள்.

இதெல்லாம் வருமுன் நம்மிடம் என்ன இருந்தது? சத்திரமும் சாவடியும். சத்திரம் வடமொழி 'சத்ர'விலிருந்து வந்தது. முதலில் பல நாள் நடக்கும் வேள்வி, பிறகு அன்னதானம், அப்புறம் அது நடக்கும் இடம். அதாவது சோறு முதலில், தங்கல் பிறகு. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியில் கட்டிய சத்திரங்களில், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் உட்பட, வழிப்போக்கருக்கு இரண்டும் கிடைத்தன. இன்று கல்யாணச் சத்திரம் என்ற பெயரில் மறுபடி பந்திக்கே திரும்பிவிட்டது. ஒட்டன்சத்திரமும் திருச்சி சத்திரம் பேருந்து நிலையமும் பெயரளவில் நிற்கின்றன.

சாவடி அப்படிச் சுருங்கவில்லை. அது கடல் தாண்டிப் போய் ஆங்கிலத்தில் 'சவுல்ட்ரி' ஆயிற்று. கும்பெனிக் காலச் சென்னையில் வழக்கு விசாரித்த இடத்துக்கே சவுல்ட்ரி நீதிமன்றம் என்றுதான் பெயர். இன்று வாக்குச்சாவடியிலும் சுங்கச்சாவடியிலும் உயிரோடு இருக்கிறது. வழிப்போக்கர் காசில்லாமல் இளைப்பாறிய இடத்தின் பெயரை, காசு கொடுக்காமல் தாண்டவே முடியாத இடத்துக்கு வைத்திருக்கிறோம்.

இப்படிச் சாப்பாட்டுப் பக்கம் சாய்ந்த சொல் இன்னொன்றும் உண்டு: விருந்து. இதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளியலில் 'விருந்தே தானும் புதுவது கிளந்த யாப்பின் மேற்றே' என்பதில் விருந்து புதிதாகப் பாடும் செய்யுள். புதுமை என்பது பிறகு வீட்டுக்குப் புதிதாய் வந்த ஆளைக் குறித்தது. 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்று குறள் சொல்லும்போது போகிறவரும் வருகிறவரும் மனிதர்கள், பதார்த்தங்கள் இல்லை. இன்றைக்கு விருந்து என்றால் வடை பாயசம். ஆள் விருந்தாளியாக, தெற்கே விருந்தாடியாக, வால் ஒட்டிக்கொண்டுதான் பிழைத்திருக்கிறார். ஹாஸ்பிடாலிட்டி தொழிலுக்கு 'விருந்தோம்பல் துறை' என்று பெயர் வைத்தவர் பழைய பொருள் அறிந்தவர். அந்தச் சொல்லில் குறையே இல்லை.

சரி, ஹோட்டலுக்குத் தமிழ் என்ன? ஒரு சொல்லால் முடியாது. நாம் அதை இரண்டு வேலைக்கு வைத்திருப்பதால் இரண்டு சொல் வேண்டும். சாப்பிடும் இடம் உணவகம். இதில் யாருக்கும் தகராறு இல்லை, பலகைகளிலும் பரவிவிட்டது. தங்கும் இடம் விடுதி. 'விடு' என்ற வினையிலிருந்து வந்த பழகிய சொல். கறம்பக்குடிப் பக்கம் வெட்டன்விடுதி, தீத்தான்விடுதி என்று ஊர்ப்பெயராகவே உண்டு. மாணவர் ஹாஸ்டலுக்கும் விடுதி என்கிறோமே, குழம்பாதா என்று சிலர் 'தங்ககம்' என்கிறார்கள். எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. மூலத்திலேயே இரண்டும் ஒரே சொல் என்று பார்த்தோம். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'தங்கும் விடுதி' என்றால் போதும். போர்டிங், லாட்ஜிங் இரண்டையும் சேர்த்துச் சொல்ல அழகான தொடர் ஒன்று அரசுக் கோப்பிலேயே இருக்கிறது: 'உண்டு உறைவிடப் பள்ளி'. பள்ளியை மட்டும் எடுத்துவிட்டால் 'உண்டு உறைவிடம்' கைக்கு வந்துவிடும்.

டூர் ஏற்பாடு செய்பவர்கள் தரும் தாளில் இதே சங்கதி நான்கு குறியெழுத்துகளாக வரும். ஏ.பி. என்றால் அமெரிக்கன் பிளான்: அறையோடு மூன்று வேளைச் சாப்பாடு. எம்.ஏ.பி.யில் காலை உணவும், மதியம் அல்லது இரவு ஒரு வேளையும். சி.பி. என்ற கான்டினென்டல் பிளானில் காலை உணவு மட்டும். ஈ.பி., அதாவது யூரோப்பியன் பிளான், வெறும் அறை. இவற்றை மூவேளை உணவுடன், இருவேளை உணவுடன், காலை உணவுடன், அறை மட்டும் என்று தமிழிலேயே போட்டுவிடலாம். கண்டத்தின் பெயரையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அந்த நண்பருக்குக் கடைசியில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தேன். ஈ.பி. கணக்குதான். விடிந்ததும் வரவேற்பு மேசைக்குப் போய், பக்கத்தில் நல்ல ஹோட்டல் எது என்று கேட்டேன். நண்பர் பதறிப்போய் பெட்டியைத் தேடினார். மேசையிலிருந்தவர் நிதானமாக, "லெஃப்ட்ல திரும்புங்க சார், பொங்கல் நல்லாருக்கும்" என்றார்.