உற்பத்தி குறைந்தால் இலக்கு தானாக எட்டிவிடாது

போன வாரம் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்கு எரிசக்தித் தணிக்கைக்குப் போயிருந்தேன். "சார், இந்த வருஷம் உற்பத்தியே கம்மி. புகையும் இறங்கியிருக்கும். டார்கெட் தானா முடிஞ்சிடும்" என்றார் மேலாளர். இந்த ஆண்டில் நான்காவது ஆலையில் இதே பேச்சு. இனியும் பொறுக்க முடியாது.

2025 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த உமிழ்வு இலக்குப் பட்டியலில் அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிப்பு), காகிதம் என நான்கு துறைகள், 282 ஆலைகள். அதில் சிமெண்ட் மட்டும் 186. அடிப்படை ஆண்டு 2023-24.

அந்த இலக்கு மொத்தப் புகைக்கு வைத்த வரம்பு அல்ல, ஐயா! ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதுதான் கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் டன் சிமெண்ட், 7 லட்சம் டன் உமிழ்வு: டன்னுக்கு 0.70. மறு ஆண்டு உற்பத்தி 8 லட்சமாகிறது, உமிழ்வு 5.84 லட்சம். மொத்தம் குறைந்தது உண்மைதான். ஆனால் டன்னுக்கு 0.73! இலக்கு 0.68 என்றால் டன்னுக்கு ஒன்று வீதம் 40,000 கார்பன் சான்றிதழ்களைச் சந்தையில் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் சராசரி விலையைப் போல இரு மடங்கு இழப்பீடு.

ஏன் ஏறுகிறது? உற்பத்தி குறைந்து கில்ன், அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சுடும் சூளை, நின்று நின்று ஓடினால் ஒவ்வொரு முறையும் சூடேற்றவே நிலக்கரி போகிறது. கில்ன் அருகே நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொருவர் வளாகத்தில் நட்ட மரக்கன்றுகளைக் காட்டினார். நல்ல காரியம், நடுங்கள். ஆனால் இந்தக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. சிமெண்டின் உமிழ்வில் பாதிக்கு மேல், சுடும்போது சுண்ணாம்புக்கல்லே விடுவது. கூரையில் சோலார் போட்டாலும் கல் அதை விட்டுக்கொண்டுதான் இருக்கும். சிமெண்டில் கிளிங்கரின் (சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிடைக்கும் கட்டி) பங்கைக் குறைப்பதுதான் வழி. போர்ட்லேண்ட் பொசலானா (PPC) சிமெண்டில் 35 சதவீதம் வரை ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) சேர்க்கத் தரநிலையே இடம் தருகிறதே, ஏன் தயக்கம்?

கணக்கு சரியாக வர, முதலில் அளவைச் சரியாக எடுங்கள். கன்வேயர் பெல்ட்டில் போகும் பொருளை எடைபோடும் பெல்ட் வெய்யரைக் காலிபரேட் செய்யுங்கள். நிலக்கரியின் கலோரி மதிப்பைச் சப்ளையர் பில்லிலிருந்து எடுக்காமல் உங்கள் லேபில் பாருங்கள். கில்ன் நிறுத்தங்களை அன்றன்றே எழுதுங்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து நிரப்பிய பதிவேட்டைச் சரிபார்ப்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

கொள்கை வகுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். டன்னுக்கு 0.68 என்று இறங்கிய ஆலை 12 லட்சம் டன் உற்பத்தி செய்தால் மொத்த உமிழ்வு 8.16 லட்சம். இலக்கும் எட்டியாயிற்று, காற்றில் கலந்ததும் கூடியாயிற்று. ஜெர்மனி 2019 சட்டத்திலேயே போக்குவரத்து, கட்டடம், தொழில் என ஒவ்வொரு துறைக்கும் ஆண்டுக்கு இத்தனை மில்லியன் டன் என்று மொத்த அளவை எழுதிவைத்தது. வளரும் நாடு நாம், இன்றே அது முடியாதுதான். எந்த ஆண்டிலிருந்து என்றாவது இப்போதே சொல்லிவிடுங்கள். கில்ன் ஒருமுறை கட்டினால் முப்பது, நாற்பது வருஷம் ஓடும்.