‘பிகோஸ்’ என்றால் ‘ஏனென்றால்’ இல்லை

போன கிழமை ஒரு பெடியன் கொப்பி கொண்டுவந்து காட்டினான். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறவன். முத்தான எழுத்து. ஆனால் கொப்பி முழுக்கச் சிவப்புக் கோடு.

நடுப் பக்கத்தில் ஒரு வசனம்: ‘பிகோஸ் த பஸ் வொஸ் லேட், ஐ மிஸ்ட் த ஃபர்ஸ்ட் பீரியட்.’ அதற்குக் குறுக்கே ஒரு கோடு. கரையில் ‘நெவர் ஸ்டார்ட் வித் பிகோஸ்’ என்று ஒரு குறிப்பு. ஆறேழு வரி தள்ளி இன்னொன்று: ‘ஐ டிட் நொட் டூ த ஹோம்வேர்க். பிகோஸ் ஐ ஹாட் ஃபீவர்.’ அதற்கும் அதே கோடு, அதே குறிப்பு.

முதலாவது சரியான வசனம். காற்புள்ளிகூடப் போட வேண்டிய இடத்தில் போட்டிருக்கிறான். இரண்டாவது பிழை. சரிக்கும் பிழைக்கும் ஒரே சிவப்புக் கோடு என்றால் பிள்ளை எதைத்தான் பிடிக்கும்?

“ஏன் பிழை எண்டு கேட்டனியா தம்பி?”

“கேட்டாப் பேசுவினம் ரீச்சர். பிகோஸை முன்னுக்குப் போடக்கூடாதாம்.”

இருபது வருடத்துக்கு மேலாக இதே கதையைக் கேட்கிறேன். இந்தத் தவணையில் மட்டும் இவன் ஐந்தாவது ஆள். அதுதான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ‘பிகோஸ்’ என்று வசனம் தொடங்கலாம். தாராளமாகத் தொடங்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு நல்ல ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கீழே உள்ள உதாரணங்களைப் பாருங்கள். ஒரு நல்ல ஆங்கிலப் பத்திரிகையை விரித்துப் பாருங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: பிகோஸ் பகுதி முடிந்த பிறகு காற்புள்ளி போட்டு, தனியே நிற்கக்கூடிய இன்னொரு பகுதி அதே வசனத்துக்குள் வரவேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் பிழை.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்பது வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். சின்ன வகுப்பில் ‘வை டிட் த பொய் க்ரை?’ என்று கேட்டால், ‘பிகோஸ் ஹீ வொஸ் ஹங்ரி.’ என்று எழுதிப்போட்டுப் பேனையை மூடிவிடுவார்கள். வாயால் சொன்னால் அது போதும், எழுத்தில் அரை வசனம். அதை விளங்கப்படுத்தப் பொறுமை இல்லாத யாரோ ஒருவர் ‘பிகோஸ் என்று தொடங்கவே தொடங்காதே’ என்று குறுக்கு வழி கண்டுபிடித்தார். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொன்ன அந்தக் குறுக்கு வழி பதினொராம் ஆண்டிலும் சட்டமாக நிற்கிறது.

இதைவிடப் பெரிய பிரச்சினை வேறொன்று. அது சொல் பட்டியலில் இருக்கிறது. ‘பிகோஸ் – ஏனென்றால்’ என்று எங்களுக்கும் பாடமாக்கித் தந்தார்கள், நாங்களும் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுக்கிறோம். இப்போது தமிழில் யோசித்துப் பாருங்கள். ‘நான் நேற்று வரேல்லை. ஏனெண்டா காய்ச்சல்.’ தமிழில் இது இரண்டு முழு வசனம், ஒரு குறையும் இல்லை. நடுவில் முற்றுப்புள்ளி வைக்கலாம். ‘ஏனெண்டா’ என்று புதிதாய்த் தொடங்கலாம். காய்ச்சல்காரப் பிள்ளை செய்தது இதைத்தானே? நாங்கள் கொடுத்த சொல்லை நாங்கள் பேசுகிற மாதிரியே போட்டு எழுதியிருக்கிறது. பிழை பிள்ளையில் இல்லை, பட்டியலில்.

பிகோஸுக்கு யாழ்ப்பாணத்துத் தமிழில் அச்சொட்டான சோடி ஒன்று இருக்கிறது: ‘படியால்’. ‘பஸ் பிந்தினபடியா முதல் பாடம் தவறிப்போச்சு.’ இதில் ‘பஸ் பிந்தினபடியா’ என்பதை மட்டும் சொல்லிப்போட்டு நிறுத்திப் பாருங்கள். எதிரே இருப்பவர் சும்மா விடுவாரா? “ம்… பிந்தினபடியா?” என்று கேட்பார். அந்தத் தொங்கல்தான் ஆங்கிலத்தில் ‘பிகோஸ் த பஸ் வொஸ் லேட்’ என்பதிலும் இருக்கிறது. நான் முற்றுப்புள்ளிக்கு விதி சொல்லிக் கொடுப்பதை விட்டுக் கனகாலம். “வாசிச்சுப்போட்டு வாயை மூடு. பக்கத்தில இருக்கிறவன் ‘பிறகு?’ எண்டு கேட்டால் வசனம் முடியேல்லை.” இவ்வளவுதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் பிடிபடுகிறது.

இன்னொன்று. தமிழில் ‘படியால்’ பகுதி இயல்பாகவே முன்னுக்கு வருகிறது. எங்கள் பிள்ளைக்குக் கைவந்த ஒழுங்கு அதுதான். ஆங்கிலமும் அந்த ஒழுங்கை அனுமதிக்கிறது. அந்த ஒரு வாசலையும் ‘நெவர் ஸ்டார்ட் வித்’ என்று நாங்களே பூட்டிவிட்டு, பிள்ளைக்குக் கலப்பு வசனம் (கொம்ப்ளெக்ஸ் சென்டன்ஸ்) வரவில்லை என்று பெற்றோரிடம் முறைப்பாடு செய்கிறோம்.

பெற்றோர் வேறு மாதிரி. போன மாதம் ஒரு அம்மா படலையடியில் நின்று கேட்டார்: “ரீச்சர், பிள்ளைக்குச் சிக்கலான வசனம் எழுத வருகுதில்லையாம். ஏதும் பயிற்சிப் புத்தகம் வாங்கோணுமே?” அம்மா, ‘கொம்ப்ளெக்ஸ்’ என்பதைச் சிக்கல் என்று யார் உங்களுக்குச் சொன்னது? ஒரு முதன்மைப் பகுதியும், அதைப் பிடித்துத் தொங்குகிற துணைப்பகுதியும் சேர்ந்தால் அது கொம்ப்ளெக்ஸ் சென்டன்ஸ். ‘இஃப் யூ கம், ஐ வில் கோ.’ ஆறு சொல்தான், அது கொம்ப்ளெக்ஸ். ‘அன்ட்’ போட்டு நாலு வரிக்கு இழுத்தது கொம்ப்ளெக்ஸ் இல்லை. உங்கள் பிள்ளை விடிய எழும்பி “பசிச்சாச் சாப்பிடுறன்” என்று சொல்கிறதே, அங்கேயே பாடம் தொடங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் நேற்று வந்ததில்லை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கியது 1823இல். 1841இல் ‘உதயதாரகை’ தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்தது. அந்தப் பெருமையைப் பரிசளிப்பு விழா மேடைகளில் அலுக்காமல் பேசுகிறோம். இறங்கி வந்து வகுப்புக்குள் போனால் ஐம்பது கனெக்டேர்ஸ் (பிகோஸ், ஓல்தோ மாதிரி இணைப்புச் சொற்கள்) அடித்த போட்டோக்கொப்பி ஒன்றைக் கையில் கொடுத்துப் பாடமாக்கச் சொல்கிறோம்.

சரி, நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

பிரிஸ்டல் போட்டை நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்வேன். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பேசுகிற மாதிரியே ஒரு தமிழ் வசனம் எழுத வேண்டும். ‘அம்மா வந்த உடனை சாப்பிட்டம்.’ ‘மழை பெய்தாலும் விளையாடினம்.’ ‘நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்.’ பிறகு துணைப்பகுதியின் கடைசித் துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டவேண்டும்: உடனை, ஆலும், ஆட்டி. இது வால். தமிழில் வால் பின்னுக்கு, ஆங்கிலத்தில் அதே வால் தலையாகி முன்னுக்குப் போகும். வெட்டிய துண்டைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு, அதன் மேல் ஆங்கிலச் சொல்லை எழுதச் சொல்வேன். ‘ஆஸ் சூன் ஆஸ்’, ‘ஓல்தோ’, ‘அன்லெஸ்’. கையால் ஒருமுறை தூக்கி வைத்த பிள்ளை பிறகு அதை மறப்பதில்லை. முதல் நாளில் நாலு வாலுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஐம்பது வேண்டவே வேண்டாம்.

வால் இடம் மாறியதும் வழமையான பிழைகளின் காரணமும் தெரிந்துவிடும். ‘ஓல்தோ இட் ரெய்ன்ட், பட் வீ ப்ளேய்ட்’ என்று எழுதுகிறார்களே. அவர்களிடம் கேளுங்கள்: ‘மழை பெய்தாலும் ஆனால் விளையாடினம்’ என்று யாராவது சொல்வீர்களா? வகுப்பே சிரிக்கும். ‘பெய்தாலும்’ என்றால் ‘ஆனால்’ வேண்டாம், ‘பெய்தது’ என்றால் ‘ஆனால்’ வேண்டும். அப்படியே ஓல்தோவும் பட்டும். ‘ஓல்தோ’வுக்குப் பக்கத்தில் உடனே காற்புள்ளி போடும் பழக்கமும் பட்டியலால் வந்ததுதான். ‘ஆனாலும்’ என்று பாடமாக்கிய பிள்ளை, ‘ஆனாலும்,’ என்று மூச்சு விடுகிறது. துணைப்பகுதி முன்னுக்கு வந்தால் அது முடிகிற இடத்தில் காற்புள்ளி. பின்னுக்கு வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. காற்புள்ளிப் பாடம் அவ்வளவுதான்.

‘அன்லெஸ் யூ டோன்ட் டெல்’ என்பது அடுத்தது. ‘சொல்லாட்டி’யில் இல்லை என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது, அன்லெஸ்ஸுக்குள்ளும் இருக்கிறது. இன்னொரு ‘டோன்ட்’ எதற்கு?

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது ‘வில்’. ‘வென் ஐ வில் கோ டு கொழும்பு, ஐ வில் பை எ ஃபோன்.’ இதை எழுதாத யாழ்ப்பாணத்துப் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. ‘போகும்போது’ என்று புத்தகத் தமிழில் யோசித்தால் ‘போகும்’ எதிர்காலம் மாதிரி ஒலிக்கிறது, பிள்ளை வில் போடுகிறது. பேச்சுத் தமிழுக்கு வாருங்கள். ‘நேற்றுப் போகேக்கை வாங்கினன்.’ ‘நாளைக்குப் போகேக்கை வாங்குவன்.’ போகேக்கை மாறவே இல்லை. நேற்றா நாளையா என்பதை வசனத்தின் கடைசி வினைதான் சொல்கிறது. ஆங்கிலமும் நாளைய விசயத்தில் வில்லை முதன்மைப் பகுதியில் ஒருதரம் சொல்லிவிட்டு, வென், இஃப், பிஃபோர், ஆஃப்டர், அன்டில் எல்லாவற்றுக்கும் பின்னால் சும்மா நிகழ்காலம் போடுகிறது. ‘வென் ஐ கோ டு கொழும்பு, ஐ வில் பை எ ஃபோன்.’ இறந்த காலத்தில் மட்டும் இரண்டு பக்கமும் இறந்த காலமாகும், அது பிள்ளைகளுக்குச் சிரமமில்லை. (‘அவன் வந்தால்’ என்கிறோமே, அந்த ‘வந்த்’ இறந்தகால வடிவம். நாளைக்கு வருகிறவனைப் பற்றிச் சொல்லும்போதும் அதையே போடுகிறோம். எங்களுக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. ஆங்கிலம் மட்டும் ஏன் விசித்திரமாம்?)

பேச்சுத் தமிழை வகுப்புக்குள் விட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பந்தியை இன்னொருதரம் வாசிக்கவும்.

எழுவாயைப் பற்றியும் ஒரு சொல். ‘பிகோஸ் வொஸ் ரெய்னிங்’ என்று எழுதுவார்கள். தமிழில் எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசலாம், ஆங்கிலத் துணைப்பகுதிக்குள் அதற்கு இடமில்லை. தலை வைத்தவுடன் ‘ஆர்? எது?’ என்று கேட்கப் பழக்குங்கள். ஒரு ‘இட்’டாவது உட்கார வேண்டும்.

இலக்கணம் சரியாக வந்த பிறகும் ஒரு பிழை மிஞ்சும். அதற்குச் சிவப்புக் கோடு போடுகிறவர்கள் குறைவு. ஒரு பிள்ளை எழுதியது: ‘வென் எ ஸ்நேக் பிட் மீ, ஐ வொஸ் வோக்கிங் ஹோம்.’ இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாம்பு கடித்தது துணைக்குள் ஒளிந்துவிட்டது, வீட்டுக்கு நடந்து போனது பெரிய செய்தியாகிவிட்டது! தமிழில் அந்தப் பிள்ளை ‘வீட்டை நடந்து போகேக்கை பாம்பு கடிச்சது’ என்றுதான் சொல்லியிருக்கும். எது செய்தியோ அது முதன்மைப் பகுதியில் இருக்கவேண்டும். தமிழில் சொல்லிப் பார்த்தால் காது காட்டிக்கொடுக்கும்.

ரியூட்டரி நடத்துகிற தம்பிமாரே, உங்களிடம் கோபமாகவே சொல்கிறேன். ‘நொட்வித்ஸ்டாண்டிங்’, ‘இனஸ்மச் ஆஸ்’ என்பதையெல்லாம் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். ‘டிஸ்பைட் ஒஃப்’ என்று பிழையாக எழுதுகிற பிள்ளைக்கு முதலில் ‘ஓல்தோ’ ஒன்றையாவது ஒழுங்காகக் கொடுங்கள். ஒவ்வொரு வசனமும் கலப்பு வசனமாக இருந்தால்தான் புள்ளி என்று பயமுறுத்துவதையும் விடுங்கள். அப்படி எழுதிய கட்டுரையை வாசித்துத் திருத்துகிறவருக்கு மூச்சு முட்டும். நடுவில் ‘ஐ வொஸ் அஃப்ரெய்ட்.’ என்று ஒரு சின்ன வசனம் வந்தால் எவ்வளவு ஆறுதல்.

பள்ளிக்கூடத்துச் சக ஆசிரியர்களிடம் கோபமில்லை, வேண்டுகோள்தான். நாற்பது கொப்பியை இரவு பத்து மணிக்கு மேல் திருத்துகிற களைப்பு எனக்கும் தெரியும். சிவப்புக் கோடு போட முன்னம் காற்புள்ளிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று ஒருதரம் பாருங்கள். சரியென்றால் ஒரு சின்னச் ‘சரி’ போட்டுவிடுங்கள். அரை வசனம் என்றால் குறிப்பு எழுத வேண்டாம், ‘பிறகு?’ என்று மட்டும் எழுதுங்கள்.

அந்தப் பெடியனுக்கு வால் தலை விளையாட்டை இரண்டு நாள் காட்டினேன். மூன்றாம் நாள் அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். மூன்று வசனம் பிகோஸில் தொடங்கியது, மூன்றும் சரி. ஆனால் முகத்தில் பயம்.

“இதைப் பள்ளிக்கூடத்தில காட்டினா வெட்டுவினம் ரீச்சர்.”

என்ன சொல்ல? தவணைப் பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. என் கொள்கைக்காக அவன் ஏன் புள்ளி இழக்கவேண்டும்? “சரி தம்பி, சோதினை முடியுமட்டும் பிகோஸை நடுவில போட்டு எழுது. அதை ஒருத்தரும் வெட்டமாட்டினம்” என்றேன்.

கொப்பியை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தான்.

“அன்டில் த எக்ஸாம் இஸ் ஓவர், ரீச்சர்?”

வில் போடவில்லை.