பெட்டகம் திறக்க வருகிறவர் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள்

இங்கே சிங்கப்பூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஈசூனிலிருந்து அழைப்பு. "அண்ணே, அப்பாவோட சேஃப் திறக்க மாட்டேங்குது, உடனே வர முடியுமா, எவ்வளவு ஆகும்?" எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டார் அந்தத் தம்பி. பதிலுக்கு நான் கேட்டதும் அதே வேகம்தான். எண் அமுக்குவதா, திருகுவதா? அமுக்கினால் சத்தம் வருகிறதா? கடைசியாக எப்போது திறந்தது? அவசரச் சாவி எங்கே? அப்பா எங்கே? கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "அப்பா தவறி மூணு வாரம் ஆகுதுண்ணே" என்றார். வீட்டில் வேறு யார் யார் என்று கேட்டேன். அம்மா இருக்கிறாராம். அண்ணன் ஒருவர் பிடோக்கில் இருக்கிறாராம், அவருக்கு இன்னும் சொல்லவில்லையாம். அவருக்கும் சொல்லி வரவழையுங்கள், அப்புறம் வருகிறேன் என்றதும் குரல் மாறிவிட்டது. "எதுக்குண்ணே இவ்வளவு கேள்வி? நான் என்ன திருடனா?"

கோபம் நியாயம்தான். பதினெட்டு வருடமாகப் பூட்டும் சாவியுமாகப் பிழைக்கிறேன், இந்தப் பேச்சை மாதத்துக்கு ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். எதையுமே கேட்காமல் "30 வெள்ளி, அரை மணியில் வர்றேன்" என்று ஒருவர் சொன்னால், நாளைக்கு நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு யாரோ கூப்பிட்டாலும் அவர் அதே 30 வெள்ளிக்கு வந்து உங்கள் பெட்டகத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போவார்தானே? நான் கேட்கிற கேள்விகளில் பாதி உங்கள் பணத்தை மிச்சப்படுத்த, மீதி உங்கள் பொருளைக் காப்பாற்ற. ஈசூன் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், ஆளையே கூப்பிடத் தேவையில்லாத விஷயம். என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன், பரவாயில்லை. எண் அமுக்கும் பெட்டகம் திறக்கவில்லை என்று எனக்கு வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் பேட்டரிதான் காரணம். "இல்லையே, பச்சை விளக்கு எரியுது, பீப் சத்தம் வருது" என்பார்கள். விளக்கு எரிவதற்குச் சொட்டு மின்சாரம் போதும். உள்ளே தாழை விடுவிக்கிற மின்காந்தச் சுருளோ மோட்டாரோ இருக்கிறதே, அதற்கு அந்த ஒரு நொடி நல்ல இழுப்பு வேண்டும், களைத்த பேட்டரியால் அது முடியாது.

ஒருமுறை விடிகாலை ஆறு மணிக்கு ஓர் அக்கா போன் செய்தார், கிட்டத்தட்ட அழுகை. ஒன்பது மணிக்குச் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் மகளுக்கு முகூர்த்தம், நகையெல்லாம் உள்ளே. பேட்டரி மாற்றினீர்களா என்றால், நேற்றுதான் புதுசு போட்டேன் தம்பி என்கிறார். என்ன பேட்டரி? பேரனின் பொம்மைக் காரில் இருந்த ரீசார்ஜ் பேட்டரி, ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டதாம். அங்கேதான் கோளாறு. சாதாரண ஆல்கலைன் ஒன்று 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட். நான்கு சேர்ந்தால் 6 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 4.8 வோல்ட்தான் வரும், பல பெட்டகங்களுக்கு அது போதாது. கீழே புளோக்கில் கடை திறந்திருந்தது அவர்கள் அதிர்ஷ்டம், மருமகனை அனுப்பி நல்ல ஆல்கலைன் வாங்கிப் போட்டதும் பத்து நிமிடத்தில் திறந்துவிட்டது. நான் படுக்கையை விட்டே எழவில்லை. தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு வந்தது.

சில மாடல்களில் பேட்டரிப் பெட்டி வெளியே, எண்பலகைக்கு அடியில் இருக்கும், நகர்த்தினால் கழன்று வரும். உள்ளே இருக்கிற மாடலாக இருந்தால் வெளியே இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரிகின்றனவா பாருங்கள், 9 வோல்ட் பேட்டரியை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டே எண்ணை அமுக்கலாம். பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பஞ்சுக்குச்சியில் லேசாக வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு மூன்று வருடம் மாற்றாமல் விட்ட பேட்டரி கசியாவிட்டால்தான் ஆச்சரியம்.

இன்னொன்று, பதற்றத்தில் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள். மூன்று நான்கு முறை தவறினால் பூட்டு தானாகவே சில நிமிடம் உறங்கிவிடும். அந்த நேரத்தில் மறுபடி அமுக்கினால் சில பூட்டுகளில் தண்டனை நேரம் முதலிலிருந்து தொடங்கும். காப்பி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். பெட்டகத்துக்குள் கோப்புகளைத் திணித்து வைத்திருந்தால் அவை கதவை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும், தாழுக்கு நகர இடம் இருக்காது. கதவை முழங்காலால் உள்ளே அழுத்தி, கைப்பிடியைப் பூட்டிய நிலைக்கே முழுசாகத் திருப்பி, அப்புறம் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

திருகுவட்டு உள்ள பழைய இரும்புப் பெட்டகங்கள் தேக்கா பக்கத்துப் பழைய கடைகளில் இன்னும் நிறைய உண்டு. எனக்கு அவை மேல் தனிப் பிரியம், எலெக்ட்ரானிக் பூட்டு ஐந்தாறு வருடத்தில் தகராறு செய்யும், இவை தாத்தா காலத்திலிருந்து அசையாமல் நிற்கும். "நம்பர் சரியாத்தான் போடறேன், திறக்கல" என்பவர்களில் பெரும்பாலோர் திருகும் விதத்தில் தவறுகிறார்கள். மூன்று எண் வகையில் வழக்கமான முறை இது. இடப்பக்கம் திருகி முதல் எண்ணை நான்காவது தடவை வரும்போது நிறுத்த வேண்டும், வலப்பக்கம் திருகி இரண்டாம் எண்ணை மூன்றாவது தடவையில், மறுபடி இடப்பக்கம் மூன்றாம் எண்ணை இரண்டாவது தடவையில், அப்புறம் வலப்பக்கம் மெதுவாகத் திருகினால் வட்டு முட்டி நிற்கும். எண்ணை ஒரு கோடு தாண்டிவிட்டால் பின்னுக்கு இழுக்கக் கூடாது, தொடக்கத்திலிருந்து போட வேண்டும். எல்லாரும் அந்த ஒரு கோட்டைத்தான் பின்னுக்கு இழுக்கிறார்கள். சரியாகப் போட்டும் திறக்கவில்லையா, மூன்று எண்ணிலும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் தேய்ந்த பூட்டு கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்கும்.

இவ்வளவும் செய்து பார்த்தும் திறக்கவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். தயவுசெய்து சுத்தியல் வேண்டாம், கிரைண்டர் வேண்டவே வேண்டாம். காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்பட்டறையில் முதலாளி வெளிநாடு போயிருக்கிறார், சம்பள நாள், ஊழியர் ஒருவர் ஆர்வக் கோளாறில் கிரைண்டரை எடுத்துவிட்டார். நான் போகும்போது கதவில் ஒரு ஜாண் நீளத்துக்கு வெட்டு, உள்ளிருந்து சிமெண்ட் மாதிரிப் பொடி கொட்டுகிறது, ரப்பர் கருகிய வாடை. தீ தாங்கும் பெட்டகங்களின் சுவருக்குள் அப்படி ஒரு கலவை நிரப்பியிருக்கும், வெட்டு சக்கரத்தை அது தின்றுவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், நல்ல பெட்டகங்களில் இரண்டாம் தாழ் ஒன்று ஒளிந்திருக்கும். பூட்டை யாராவது அடித்தாலோ துளைத்தாலோ அது வில்லின் வேகத்தில் பாய்ந்து விழுந்து கதவை நிரந்தரமாகக் கவ்விக்கொள்ளும். சிலவற்றில் இதற்காகவே ஒரு கண்ணாடித் தகடு வைத்திருப்பார்கள், தகடு நொறுங்கினால் எல்லாப் பக்கமும் தாழ் விழும். அதற்கப்புறம் சரியான எண்ணைப் போட்டாலும் திறக்காது. ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, அங்கே எனக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆனது. தீப்பொறி உள்ளே பாய்ந்து ரசீதுகள் சில கருகியும் போயிருந்தன.

சரி, காசு விஷயம். கதவுக் கம்பியில், மின்தூக்கி அருகில், படிக்கட்டில் என்று ஒட்டுத்தாள்கள் ஒட்டியிருக்குமே, அதில் ஒன்றைப் பார்த்துக் கூப்பிட்ட ஒரு வாடிக்கையாளர் அப்புறம் என்னிடம் வந்தார். போனில் சொன்னது 30 வெள்ளி. அது வந்து பார்ப்பதற்கு மட்டுமாம். வந்தவர் ஐந்து நிமிடத்தில் துளைப்பானை எடுத்து, பாதி துளைத்தபிறகு நிறுத்தி, 800 வெள்ளி என்றாராம். கதவில் ஓட்டை விழுந்தபிறகு பேரம் பேசவா முடியும்? ஆகவே ஆள் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் பெட்டகத்தின் படத்தை அனுப்பி, மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். துளைத்தால் எவ்வளவு, துளையை அடைத்துத் தருவதும் புதுப் பூட்டும் அதில் சேர்த்தியா, திறக்க முடியாவிட்டால் எவ்வளவு, இதையெல்லாம் கேளுங்கள். துளைப்பதே தவறு என்று சொல்லமாட்டேன், சில நேரம் வேறு வழி கிடையாது. தெரிந்தவர் எங்கே துளைக்க வேண்டும் என்று அறிந்து சில மில்லிமீட்டரில் ஒரே ஒரு துளை போட்டு, சின்னக் கேமராவை விட்டுப் பார்த்துத் திறப்பார், அப்புறம் கடினமான எஃகுக் கம்பியை அடித்துப் பற்றவைத்து அடைத்துத் தருவார், பெட்டகம் மறுபடி பயன்படும். ஏமாந்துவிட்டீர்கள் என்றால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, சம்பவம் நடந்த இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களே பேசிக்கொள்ளலாம்.

வேலை நடக்கும்போது அறையை விட்டுப் போகாதீர்கள். தாழ் விட்டதும் நான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பேன், கதவைத் திறப்பது உரியவரின் கை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. புது எண் போடும்போது நான் வாசலில் இருப்பேன்.

இனி, யாருடைய பெட்டகம் என்ற கேள்வி. உங்கள் பெட்டகம் என்றால் ஐசி எனும் அடையாள அட்டையும், அந்த முகவரிக்கு வந்த ஏதாவது ஒரு பில்லும் போதும். நிறுவனத்துடையது என்றால், நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவிடமிருந்து, இயக்குநர் யார் என்று காட்டும் பிஸ்ஃபைல் தாளைக் கேட்பேன், இயக்குநரிடம் நேரில் அல்லது வீடியோவில் பேசுவேன். விவாகரத்து நடந்துகொண்டிருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் கூப்பிட்டால், எவ்வளவு கொடுத்தாலும் போகமாட்டேன்.

இறந்தவரின் பெட்டகம்தான் ரொம்பச் சங்கடமானது. உயில் இருந்தால் புரோபேட், இல்லாவிட்டால் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், இந்த நீதிமன்ற ஆணை கையில் வந்தபிறகுதான் ஒருவர் சட்டப்படி சொத்தைக் கையாள முடியும். ஆனால் அந்த உயிலே பெட்டகத்துக்குள் கிடந்தால்? சிங்கப்பூர் சட்டக் கழகம் நடத்தும் உயில் பதிவகத்தில் முதலில் தேடிப் பார்க்கலாம், ஆனால் அங்கே இருப்பது உயில் அல்ல, உயில் எங்கே இருக்கிறது என்ற தகவல்தான், அதுவும் இறந்தவர் பதிந்து வைத்திருந்தால். ஆகவே வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உரிமை உள்ள எல்லாரையும் வைத்துக்கொண்டு திறந்து, பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கி, படமெடுத்து, பொருளை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் நான் ஒப்புக்கொள்ளும் வழி. இறந்தவரின் பொருளை நேர்மையில்லாமல் எடுத்துக்கொள்வது குற்றவியல் சட்டத்தின் 404ஆம் பிரிவில் தனிக் குற்றம். சொந்தப் பிள்ளை என்பதால் மட்டும் அது இல்லாமல் போய்விடாது.

ஈசூன் தம்பி அன்று போனை வைத்துவிட்டார். வேறு ஆளைப் பிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை பிடோக் அண்ணனே கூப்பிட்டார், வழக்கறிஞரிடம் கேட்டாயிற்று, அடுத்த ஞாயிறு எல்லாரும் இருப்போம், வாருங்கள் என்று. பெட்டகம் வீட்டுக்குள்ளேயே கட்டிய பதுங்கறையான பாம் ஷெல்டருக்குள் அரிசி மூட்டைக்கும் மின்விசிறிப் பெட்டிக்கும் நடுவில் இருந்தது. முகப்பில் நிறுவனச் சின்னம் பொறித்த சின்னத் தகட்டை நகர்த்தினால் அவசரச் சாவித் துவாரம். துளைப்பான் தேவைப்படவில்லை, அந்தப் பூட்டை நெம்பித் திறக்க நாற்பது நிமிடம் ஆனது. நான் நகர்ந்து நின்றேன், அம்மா திறந்தார். மேல் தட்டில் முதல் பொருளாக இருந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காத அவசரச் சாவி. பாதிப் பேர் வீட்டில் அது உள்ளேதான் இருக்கும். அண்ணன் தம்பி இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அந்த வீட்டில் அன்றைய முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குக் கீழே கடவுச்சீட்டு, ஈரம் ஏறிப் பக்கங்கள் ஒட்டியிருந்தன. தீ தாங்கும் பெட்டகத்தின் நிரப்புக் கலவை ஈரம் விடும், காகிதம் வைப்பவர்கள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதற்கும் கீழே ஓர் அடகுச் சீட்டு. அம்மாவின் வளையல் நான்கு, மருத்துவமனைச் செலவுக்காக வைத்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. இங்கே அடகுக்கு ஆறு மாதத் தவணை. சீட்டில் இருந்த தேதிப்படி இன்னும் ஒன்பது நாள். தம்பிதான் அதை முதலில் படித்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார். மறுநாளே மூவரும் அடகுக்கடைக்குப் போய்ப் பேசினார்களாம்.

எனக்குக் கொடுக்க வேண்டியதை இருவரும் பாதிப் பாதியாகப் போட்டார்கள். அவசரச் சாவி இப்போது பிடோக்கில் அண்ணன் வீட்டில் இருக்கிறது, புது எண் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.