நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்க வேண்டிய ஃபோலிக் ஆசிட் மாத்திரை

கர்ப்பிணிகளுக்கு அரசு சத்து மாத்திரை இலவசமாகத் தருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் காலம் வேறு என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. முதல் மூன்று மாதங்களுக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் உள்ள மாத்திரை, தினம் 400 மைக்ரோகிராம். நான்காம் மாதத்திலிருந்து சிவப்பு மாத்திரை: 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்தது. கர்ப்பத்தில் குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள் தினம் ஒன்று. 2018-இல் வந்த ‘அனீமியா முக்த் பாரத்’ இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் உள்ள அளவுகள் இவை.

தவறிப்போவது பெரும்பாலும் முதல் மாத்திரைதான். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அப்போது தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலர் சிறுநீர்ப் பரிசோதனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். பத்தாவது வாரத்தில் பதிவு செய்து மாத்திரை வாங்கினால், இந்த ஒரு வேலைக்கு அது பிந்திவிட்டது. குழாய் சரியாக மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு வரும். அல்லது மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாமல் குழந்தை பிழைக்காது. ஏற்கெனவே இப்படிப்பட்ட கர்ப்பம் அமைந்த பெண்களிடம் பிரிட்டனில் இருந்து நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 1991-இல் வந்தது. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களுக்கு இந்தக் குறைபாடு மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது.

அதனால்தான் திட்டமும் குழந்தைக்குத் திட்டமிடும் காலத்திலேயே தொடங்கச் சொல்கிறது. கர்ப்பம் உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி குழந்தையை எதிர்பார்க்கிறவர்கள் கூச்சப்படாமல் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். மாமியாரும் கணவரும் கேட்டு வாங்கித் தரலாமே! “விசேஷம் உண்டா?” என்று மாதாமாதம் விசாரிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கீரையும் பயறும் போதாதா என்று கேட்பார்கள். அவற்றில் ஃபோலேட் (ஃபோலிக் ஆசிடின் இயற்கை வடிவம்) இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் வேகவைக்கும்போது அதில் ஒரு பகுதி அழிந்துபோகும், வடிக்கும் நீரோடும் போய்விடும். இந்தச் சில வாரங்களுக்கு மாத்திரை அவசியம்.

நாள் தள்ளிப்போனதும் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குத் தகுதியுள்ளவர்களுக்கும் 12 வாரத்துக்குள் பதிவு தேவை. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கான மருந்தும் பரிசோதனையும் இலவசம் என்பது 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் தரும் உரிமை. மாத்திரைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் சிவப்பு மாத்திரை. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால் வருவது, பயப்பட வேண்டாம். டீ, காபியோடு சேர்க்காதீர்கள். கால்சியம் மாத்திரையையும் வேறு நேரத்தில் போடுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் தினம் எத்தனை மாத்திரை என்பதை மருத்துவரே சொல்வார்.

ஃபோலிக் ஆசிடைக் கடையில் வாங்குகிறவர்கள் அட்டையில் உள்ள அளவைப் பாருங்கள். 5 மில்லிகிராம் மாத்திரையும் விற்கிறது. அது 400 மைக்ரோகிராமைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்தவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு அதிக அளவு தேவைப்படலாம். கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து அவர் எழுதித் தரும் அளவையே எடுக்க வேண்டும். வலிப்பு மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.